டிராக் பாடுகிறவள்

ஜூன் 4, செவ்வாய்

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். செண்பகத்தின் கழுத்தில் இருக்கும் தைராய்டு கட்டி வளர்ந்து மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன்தான், தள்ளிப்போடாதீர்கள் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "பாடுறவங்கன்னு சொன்னீங்க. அதனால முதல்லயே சொல்லிடறேன். குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் போகுது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம்" என்றார்.

செண்பகம் வீட்டுக்கு வந்து உளுந்து ஊறப்போட்டாள். கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள்.

"நீங்க மெட்டுப் போட்ட நாலு பாட்டு இருக்குல்லா? அத என் குரல்ல பதிஞ்சி வச்சிட்டுதான் ஆபரேஷனுக்குப் படுப்பேன். டாக்டரம்மாட்ட சொல்லிருங்க."

கல்யாணமான வருடம் போட்ட மெட்டுகள். அப்போது நாங்கள் இருவரும் பாளையங்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தோம். நான் கீபோர்டு, அவள் பாட்டு. குழு கலைந்தது. நான் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஸ்டூடியோக்களில் டிராக் பாடப் போனாள்.

டிராக் என்றால், பெரிய பாடகி சென்னையிலிருந்து வருவதற்கு முன்னால் பாட்டை ஒருத்தி நேராகப் பாடி வைப்பது. வருகிறவர் அதைக் காதில் மாட்டிக் கேட்டு, வரி வரியாகக் கற்றுத் தன் குரலில் பாடுவார். பிறகு டிராக் குரலை எடுத்துவிடுவார்கள். ஆடி மாதம் எங்கள் பக்கத்து அம்மன் கோவில்களில் அலறுகிற பாட்டுகளில் பாதி செண்பகம் சொல்லிக்கொடுத்தவை. ஒன்றிலும் அவள் குரல் கிடையாது. "மெயின் சிங்கர் கார்லேர்ந்து எறங்கினா டிராக் பாடினவளுக்கு ஒரு டீ. அதோட கெளம்பிரணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஸ்டூடியோவிலேயே நேரம் கேட்டுப் பாடலாமே என்றேன்.

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னால நின்னா நான் டிராக் பாடுறவதான். வீட்டுல பாடுதேன். அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் பாருங்க."

பார்க்கலாம்.

ஜூன் 6, வியாழன்

ஆபீஸ் முடிந்து வண்ணார்பேட்டையில் ஜெபமணியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். என் வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. எதற்கு என்று கேட்டார். பாட்டுப் பதிய என்றேன்.

"கேம் ஆடணும்னு வருவாங்க. வீடியோ வெட்டணும்னு வருவாங்க. பாட்டுக்குன்னு நீங்கதான் மொத ஆளு அண்ணாச்சி."

மேசைக் கம்ப்யூட்டரா, மடிக்கணினியா? மேசையில் வைப்பது பலமானது, ஆனால் உள்ளே விசிறி ஓடும். மடிக்கணினி அமைதி, ஆனால் சூடானால் அதுவும் சீறும். ரேம் எட்டா பதினாறா? நான் எழுதிக்கொண்டே வந்தேன். காகிதம் நிறைந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

காலை முழுக்க யூடியூப். ஒருவர் பதினாறு இல்லாவிட்டால் தொடவே தொடாதே என்கிறார். இன்னொருவர் எட்டே மிஞ்சிப் போகும் என்கிறார். மூன்றாவது ஆள் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவே இல்லை, தன் அறைச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. மாற்றினேன்.

செண்பகம் மதியச் சாப்பாட்டை முடிக்க வெகுநேரம் ஆகிறது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறாள். வெயில் அதிகம்.

ஜூன் 11, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. கம்ப்யூட்டரும் வாங்கவில்லை.

ஜூன் 15, சனி

செண்பகத்தை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆடிக்கு வரப்போகும் அம்மன் பாட்டுகள். இந்தத் தொண்டையோடு போகாதே என்றேன். "ஒத்துக்கிட்டாச்சே" என்று போய்விட்டாள். நான் ஜெபமணி கடைக்குப் போனேன்.

இன்று ஒரு வேலை உருப்படியாகச் செய்தேன். கடையில் இருந்த மடிக்கணினிகளை எல்லாம் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் காதை வைத்துக் கேட்டேன். மைக் பக்கத்தில்தானே இருக்கப்போகிறது? விசிறி ஓசை பாட்டில் ஏறிவிட்டால் அவ்வளவுதான். ஒன்று முனகியது. ஒன்று சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று மூச்சு வாங்கியது.

ஜெபமணி பொறுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, எத்தனையோ பேருக்கு வித்திருக்கேன். இப்படி நாடி பிடிச்சுப் பார்த்தவரு நீங்க ஒருத்தருதான்."

சிரித்தேன். வாங்கவில்லை. அடுத்த மாதம் புது மாடல் வருகிறதாம்.

செண்பகம் சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "டீ குடுத்தாவ" என்றாள்.

ஜூன் 20, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். தேதி கேட்கிறார்கள். ஆடி பிறக்கப்போகிறது, ஆடியில் நல்ல காரியம் எதுவும் வைப்பதில்லை, ஆவணியில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷன் நல்ல காரியமா சார் என்று அந்தப் பெண் கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்?

நான் நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆள் இல்லைதான். இருந்தாலும் ஆடித் தள்ளுபடியில் கம்ப்யூட்டரும் மலிவாகக் கிடைக்கும். எல்லாம் ஒரு கணக்கோடுதான் செய்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

கோமதி வந்திருந்தாள். செண்பகத்தின் தங்கை, அடுத்த தெருவில் இருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உரிமையாக வந்து சண்டை போட அவள் ஒருத்திதான்.

இட்லி சாப்பிடும்போது செண்பகத்துக்குப் புரையேறிவிட்டது. முகம் கறுத்து, கண்ணில் தண்ணீர் வந்து, கோமதி முதுகைத் தட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. சாதாரணப் புரைதான். யாருக்கும் ஏறும்.

அவளைப் படுக்க வைத்துவிட்டுக் கோமதி அடுக்களைக்கு வந்தாள்.

"அத்தான், நீங்க கம்ப்யூட்டர் பார்க்கியளா, நாள் கடத்துதியளா?"

"என்ன பேசுத? வேல நடந்துக்கிட்டுதான இருக்கு?"

"ஒரு மாசமா நடக்கு. அக்கா பாட்டு எடுத்தாதான் ஆபரேஷனுக்குப் போவா. நீங்க கம்ப்யூட்டர் வாங்கினாதான் பாட்டு எடுப்பா. அது உங்களுக்கு வசதியாப் போச்சு. பயமாருந்தா பயமாருக்குன்னு சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினாறுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். படிக்காதவளா என்ன, எம்.காம். இருந்தாலும் இந்த மாதிரி விஷயங்களில் அவசரம் கூடாது என்று யாருக்கும் புரியவில்லை.

ஜூன் 29, சனி

பாத்திரம் தேய்த்தேன். செண்பகம் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறாள்.

ஜூலை 5, வெள்ளி

ஆபீசிலிருந்து வந்தால் கட்டில்மேல் ஒரு மடிக்கணினி. பக்கத்தில் மைக். மைக்கின் ஒயரைச் சொருக ஒரு சின்னப் பெட்டி. அக்காளும் தங்கையும் ஜெபமணி கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டார்கள்.

எந்த மாடல் என்று பார்த்தேன். என் காகிதத்தில் இல்லவே இல்லாத ஒன்று. ரேம் எட்டு.

"எப்படி இத எடுத்த?" என்று கேட்டேன்.

"இதுல பாட்டு எடுக்கலாமான்னு கேட்டேன். எடுக்கலாம்க்கான்னாரு. சத்தம் போடுமான்னு கேட்டேன். நீங்க காது வச்சுக் கேட்டதுல இதுதான் சும்மா கெடந்துச்சுன்னு கடைக்காரரே சொன்னாரு."

"பதினாறு இருந்தா நல்லது."

"நாலு பாட்டுதான இருக்கு? எட்டு போதும்."

பிறகு கட்டில் விரிப்பைச் சரிசெய்துகொண்டே, பதினைந்தாம் தேதிக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது என்றாள். "ஆடி பிறக்கிறதுக்கு முன்னாலயே முடிஞ்சிரும். உங்களுக்கும் திருப்தி."

சட்டையைக் கூடக் கழற்றாமல் கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

பின் அறையை ஒதுக்கினோம். ஜன்னலில் ஜமுக்காளம், கதவில் இரண்டு போர்வை. மின்விசிறியை நிறுத்தினால்தான் சத்தம் இல்லை. நிறுத்தினால் வேர்த்து ஊற்றுகிறது. செண்பகம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

அவள் பாடினால் ஹெட்போனில் அவள் குரல் கொஞ்சம் பிந்தி வருகிறது. "எவளோ எனக்குப் பின்னாலயே பாடிட்டு வாரா" என்று சிரித்தாள். ஜெபமணிக்கு ஃபோன் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல ஏதேதோ அழுத்தினேன். மதியத்துக்குள் சரியாகிவிட்டது. ஒரு மாதமாகப் பார்த்த வீடியோக்களில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

கீபோர்டையும் ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்துவிட்டேன். நாலு பாட்டுக்கும் நான் வாசித்தது ஏறிவிட்டது. சுருதியை ஏற்ற இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. வேடிக்கைதான்.

ஜூலை 13, சனி

முதல் பாட்டு. நாங்கள் வெயில் பாட்டு என்று சொல்கிற பாட்டு. மத்தியான வெயிலில் வாசலில் காத்திருப்பவள் பாடுவது. மேல் வீட்டில் மிக்ஸி நிற்கும்வரை பொறுத்திருந்து பதிவை அழுத்தினேன்.

செண்பகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கைப் பார்த்து, "டிராக். வெயில் பாட்டு. செண்பகம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இத்தனை வருடப் பழக்கம், ஸ்டூடியோவில் அப்படிச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். மறுபடி அழுத்தினேன். பாடி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்கிறவரைப் பார்க்கிற மாதிரி நிமிர்ந்து, "ஓகேங்களா அண்ணாச்சி?" என்றாள். கட்டின புருஷன் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓகே என்றேன்.

போட்டுக் கேட்டோம். சுருதி பிசகவில்லை. தாளம் பிசகவில்லை. சொல் ஒவ்வொன்றும் தெளிவு. யார் கேட்டாலும் ஒரே தடவையில் பாடம் ஆகிவிடும். அப்படித்தான் பாடியிருந்தாள். மெல்லிசைக் குழுவில் இதே வரியில் ஒரு வளைவு வளைத்து, ஆர்ப்பரிக்கிற கூட்டத்தை வாயடைத்து உட்கார வைத்தவள். அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. வருகிறவர் வளைத்துக்கொள்ளட்டும் என்று விட்டு வைத்திருந்தாள்.

"இன்னொரு தடவ பாடேன். உனக்காகப் பாடு" என்றேன்.

பாடினாள். அச்சுப் பிசகாமல் அதே மாதிரி வந்தது.

"நெளிக்கணும்னு நெனைக்கேன். மைக்கு முன்னால நின்னா வரமாட்டேங்கு" என்றாள். "டிராக் பாடுறவ அழகாப் பாடக் கூடாது. பாடினா மெயின் சிங்கருக்கு கோவம் வந்திரும். அப்படியே பழகிப் போச்சு."

ஜூலை 14, ஞாயிறு

மீதி மூன்றும் முடிந்தன. எல்லாம் அப்படித்தான். மூன்றாவது பாட்டில் ஓகேங்களா அண்ணாச்சி என்றபோது இருவரும் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கியது அவளுக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரி. இன்னொரு முறை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மாதத்தை நான் கடையில் காது வைத்துக் கேட்டுக் கழித்தேன். அந்த ஒரு மாதம் இருந்திருந்தால் பழக்கம் விட்டிருக்குமோ என்னவோ.

அவளுடைய பையில் சோப்பு, சீப்பு, இரண்டு நைட்டி வைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கோமதி வடை வாங்கி வந்தாள். சாப்பிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் என்னைப் பார்த்து எதையோ சொன்னாள். காற்று மட்டும் வந்தது. டாக்டரம்மா நரம்பு அறுபடவில்லை, வீங்கியிருக்கிறது, பொறுங்கள் என்றார்.

ஜூலை 26, வெள்ளி

பேசக்கூடாது என்பதால் கைதட்டுகிறாள். ஒரு தட்டு தட்டினால் இங்கே வா. இரண்டு தட்டினால் தண்ணீர். நான் சாம்பாரில் புளியை அள்ளிப் போட்டால் விடாமல் தட்டுகிறாள். தெருமுனைக் கோவிலில் காலையிலிருந்து அம்மன் பாட்டு. அதில் ஒன்று ஜூனில் அவள் டிராக் பாடியது. மெயின் சிங்கர் ஒரு சொல்லைத் தப்பாகப் பாடியிருக்கிறார். செண்பகம் கட்டிலில் இருந்தபடியே தட்டித் தள்ளிவிட்டாள்.

சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது. ஒரு தலையணை போதும் என்று மற்றதை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோமதி செண்பகத்தைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். நான் மடிக்கணினியைத் திறந்து நாலு பாட்டையும் கேட்டேன். அழுகை வந்தது, அழுதேன். அவள் குரல்தான். ஆனால் அவள் அதில் இல்லை. அவளைத் தவிர மற்றதெல்லாம் சரியாகப் பதிந்திருக்கிறது.

கேட்டு முடித்து, துணி சுற்றி பீரோமேல் வைத்துவிட்டேன். கண்ணில் படாமல் இருப்பது நல்லது.

செப்டம்பர் 9, திங்கள்

டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். பேச்சு இன்னும் தேறும். மேலே ஏறுகிற குரல் திரும்புவது சந்தேகம் என்றார். செண்பகத்தின் பேச்சு இப்போது கீழே இறங்கி, கரகரத்து வருகிறது. ஃபோனை எடுத்தால் எதிர்முனையில் சார் என்கிறார்கள்.

ஸ்டூடியோவிலிருந்து ஐயப்பன் பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். "இனிமே முடியாது அண்ணாச்சி" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு முருங்கைக்கீரை உருவினாள். நானும் உட்கார்ந்து உருவினேன்.

செப்டம்பர் 21, சனி

குளிக்கும்போது உள்ளே முனகுகிற சத்தம் கேட்டது. நான் கதவுப் பக்கம் போனதும் நின்றுவிட்டது.

அக்டோபர் 13, ஞாயிறு

இதை எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

மதியம் சாப்பிட்டு எழுந்ததும் செண்பகம் நாற்காலியைப் போட்டு ஏறி, பீரோமேல் இருந்ததை எடுத்தாள். துணியில் தூசி. "இங்கதான் ஒளிச்சு வச்சியளா? பாட்டப் போடுங்க" என்றாள்.

வேண்டாம் செண்பகம் என்றேன். பதிலுக்கு ஒரே ஒரு தட்டு தட்டினாள். போட்டேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு பாட்டையும் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளின் முகம்தான் இருந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். "டிராக் நல்லா சுத்தமா இருக்கு" என்றாள். "சுருதிய இறக்குங்க. இன்னும் கொஞ்சம். இன்னும். ம்."

அந்தப் பொத்தானை அழுத்த அழுத்த என் கீபோர்டும் அவள் பழைய குரலும் சேர்ந்து கீழே இறங்கின. ஜமுக்காளத்தை ஜன்னலில் மாட்டினேன். விசிறியை நிறுத்தினேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைக் முன் நின்றாள். காதில் அவளே பாடிய டிராக்.

பதிவை அழுத்தினேன்.

"வெயில் பாட்டு. செண்பகவல்லி" என்று முழுப் பெயரையும் சொன்னாள்.

முதல் வரி உடைந்தது. இரண்டாவது வரியில் குரல் பாதியில் காற்றாகப் போனது. நிறுத்தவில்லை. ஒவ்வொரு வரியாகக் காதில் வாங்கி, தன் இஷ்டத்துக்குப் பாடினாள். டிராக் நேராகப் போன இடத்தில் இவள் நின்றாள், இழைத்தாள், எட்டாத இடத்துக்குப் போகாமல் கீழேயே சுற்றி வேறு வழியில் வந்து சேர்ந்தாள். அந்த வளைவு வந்தது. பழைய வளைவு இல்லை. அதைவிட மெதுவானது, கரகரப்பானது. வாசலில் காத்திருக்கிறவளுக்கு வயதாகியிருந்தது. நான் போட்ட மெட்டுதான், எனக்கே இன்றுதான் புரிந்தது. கண்ணைத் துடைத்தால் துணி உரசும் சத்தம் மைக்கில் ஏறும் என்று துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஓகேங்களா என்று கேட்கவில்லை.

போட்டுக் கேட்டோம். இரண்டு குரலும் சேர்ந்து வந்தன. பழையது நேராக, புதியது அதைச் சுற்றிச் சுற்றி.

"டிராக்கை எடுத்திருங்க" என்றாள்.

என் கை போகவில்லை. "இருந்துட்டுப் போகட்டுமே. அழகாத்தான இருக்கு?"

"மெயின் சிங்கர் பாடின பொறவு டிராக்க யாராவது வச்சிருப்பாவளா? எடுங்க."

"செண்பகம், அந்தக் குரல் இனிமே..."

"தெரியும்" என்றாள். "எடுங்க."

அழிக்கவில்லை. மியூட்டை அழுத்தினேன். பழைய குரல் நின்றது. அறையில் இவள் ஒருத்திதான் பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடியும்வரை கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்தக் கரகரத்த குரலில், "பாவம், அவ வந்து ரொம்ப நேரமாச்சு. டிராக் பாடினவளுக்கு ஒரு டீ குடுத்து அனுப்பிருங்க அண்ணாச்சி" என்றாள்.

அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டேன். மூன்று தம்ளரில் ஊற்றினேன்.